கலாட்டாவுக்கு எத்தனை பேர்?

கூண்டில் நின்ற பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். கேள்வி கேட்டவர் லோயர். பதிலை மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவரோ என்னைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். தோட்டத்துச் சனங்கள் எல்லோரும் அப்படித்தான். அந்த உயரமான மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, கோர்ட்டில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே மனுஷி மொழிபெயர்க்கும் ஜூருபாசாதான்.

"அவனுங்க வந்து கலாட்டா பண்ணானுங்க தங்கச்சி. வேற என்னத்தச் சொல்ல? நீயே பாத்துச் சொல்லும்மா."

நீயே பார்த்துச் சொல். மொழிபெயர்க்க வந்தவள் செய்யவே கூடாத காரியம் அது ஒன்றுதான்.

கலாட்டாவுக்கு மலாயில் என்ன சொல்வது? நாக்கு நுனியில் வந்து நின்றது 'மெருசோ'. காலையிலிருந்து குற்றப்பத்திரிகையில் நாலு தடவை நானே வாசித்த சொல் அது. வழக்கே அந்தக் குற்றத்துக்குத்தான். நம் மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 146ஆம் பிரிவு அதற்குக் கணக்கு வைத்திருக்கிறது: ஐந்து பேருக்குக் குறையாத சட்டவிரோதக் கூட்டம், அதில் ஒருவராவது பலாத்காரத்தில் இறங்கியிருக்க வேண்டும். அடுத்த பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. பெரியவரின் கலாட்டாவில் எத்தனை பேர் என்று அவர் இன்னும் வாயே திறக்கவில்லை. நான் 'மெருசோ' என்று சொல்லிவிட்டால், அவர் எண்ணாததை நான் எண்ணிக் கொடுத்ததாகிவிடும். ஒரு விநாடி விழுங்கிவிட்டு, 'புவாட் காச்சாவ்' என்றேன். தொந்தரவு பண்ணினார்கள், அவ்வளவுதான். அடுத்த கேள்வி அதுவாகவே வந்தது: எத்தனை பேர்? பெரியவர் விரல் விட்டு எண்ணினார். மூணு பேர். நாலாவது ஆள் விலக்கிவிட வந்தவன்.

அன்று சாயங்காலம் குனோங் ராபாட் வீட்டுக்கு வந்து, ஒரு வெள்ளை அட்டையில் 'கலாட்டா' என்று எழுதி, அடியில் 'முதலில் ஆளை எண்ணு' என்று குறித்து, பிஸ்கட் டின்னில் போட்டேன். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் ஈப்போக்காரர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று, சுண்ணாம்பு மலைக் குகைக்குள் இருக்கும் சீனக் கோயில்கள். மற்றது ஹியோங் பியா, தேங்காய் மட்டை நெருப்பில் சுட்டு, உள்ளே பாகு வைத்த உருண்டைப் பிஸ்கட். பிஸ்கட் தீர்ந்த டின்னில் என் அட்டைகள் குடியேறின. இப்போது ஏழு டின். அதில் ஒன்று முழுக்க ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லுக்கும் அதன் பங்காளிகளுக்கும் போய்விட்டது: ரெபெல்லியன். ரிவோல்ட், மியூட்டினி, ரயட், இன்சரெக்ஷன், செடிஷன் எல்லாம் அந்தக் குடும்பம்.

எந்த அகராதியைத் திறந்தாலும் இவற்றுக்கு நேரே கலகம், கிளர்ச்சி, எழுச்சி, புரட்சி என்று காற்புள்ளி போட்டு அடுக்கியிருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பித்த ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியத்தை நான் இன்னும் மடியில் வைத்துப் புரட்டுகிறவள். அகராதிக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் அந்தக் காற்புள்ளி மேல்தான். இதற்குப் பதில் அதைப் போட்டுக்கொள்ளலாம், வித்தியாசமில்லை என்று சொல்வதுபோல அது நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் நானும் அதை நம்பினேன்.

ஆங்கிலச் சொற்களின் பிறப்பைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு கதை. ரெபெல்லியன் என்பது இலத்தீனில் 'மறுபடியும் போர்'. ஏற்கெனவே தோற்று அடங்கியவன் திரும்ப ஆயுதம் எடுப்பது. ஆகவே அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு பழைய தோல்வி ஒளிந்திருக்கிறது. இன்சரெக்ஷன், எழுந்து நிற்பது. நம் எழுச்சியும் அதுவும் அடுத்தடுத்த வீடு. ரிவோல்ட், புரண்டு திரும்புவது. செடிஷன் என்பது பிரிந்து தனியே போவது, அவ்வளவுதான். அதைத் தமிழ்ப் பத்திரிகைகள் தேசத்துரோகம் என்று எழுதும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும். துரோகத்துக்குச் சட்டத்தில் வேறு பிரிவு, வேறு தண்டனை. மியூட்டினி மட்டும் எல்லோருக்கும் கிடைக்காது. கட்டளைக்குக் கீழ்ப்படிவேன் என்று சத்தியம் செய்த சிப்பாயோ மாலுமியோதான் அதைச் செய்ய முடியும். நானும் நீங்களும் என்னதான் தலைகீழாக நின்றாலும் மியூட்டினி செய்ய முடியாது.

தமிழ்ச் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது கலகம். வடமொழியிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார், கலங்கு, கலக்கு என்பதன் உறவு என்பார் இன்னொரு சாரார். குட்டையைக் கலக்கும் அந்த வாசனை அதில் இருக்கத்தான் செய்கிறது. கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும் என்கிறது பழமொழி. நாரதரைக்கூட விட்டுவைக்காமல், அவர் கலகம் நன்மையில் முடியும் என்கிறார்கள். ஆங்கிலத்தில் ரயட் பற்றி இப்படிப் பாசமாக ஒரு பழமொழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு ஆபத்து. நம் ஊரில் பலருக்கு ழகரம் நாக்கில் ஏறாது. ஒரு சாட்சி தன்னை இன்ன கழகத்துச் செயலாளர் என்று சொல்ல, அது 'கலகத்துச் செயலாளர்' என்று காதில் விழுந்து, நான் அரை நிமிடம் வெலவெலத்துப் போனேன். (திருக்குறளில் கழகம் என்றால் சூதாடும் இடம் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.)

ஆங்கில அதிகாரி ரயட் என்று எழுதியதைக் கலகம் என்று மொழிபெயர்த்தால் தப்பா? தப்பில்லை. ஆனால் அது அதிகாரியின் தமிழ். 1908 மார்ச் 13 அன்று, வ.உ.சி. கைதானதைக் கேட்டுத் திருநெல்வேலி கொதித்தது. நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் போனார்கள். அரசாங்கத்துக்கு அது டின்னவெல்லி ரயட். வெகுகாலம் நாமும் திருநெல்வேலிக் கலகம் என்றே எழுதிவந்தோம். ஆ.இரா. வேங்கடாசலபதி தம் நூலுக்கு 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்று பெயர் வைத்தார். 2024க்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. அதே நாள், அதே தெரு, அதே நெருப்பு. மாறியது ஒரு சொல். 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் நடந்ததற்கும் இதே கதை. பள்ளிக்கூடத்தில் என் அப்பா படித்தது வேலூர்ச் சிப்பாய்க் கலகம், இன்றைக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் படிப்பது வேலூர்ப் புரட்சி. எனக்கென்னவோ கலகத்தை இப்படி இறக்கிவிட வேண்டியதில்லை என்று தோன்றும். மு. ராமசுவாமி தம் நாடகத்துக்குக் 'கலகக்காரர் தோழர் பெரியார்' என்று பெயர் வைத்தபோது அந்தச் சொல் மறுபடி முதுகை நிமிர்த்திக்கொண்டது.

பெரியார் பெயரை எடுத்தாயிற்று. அவர் 1928இல் ஆங்கிலத்தில் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். பெயர் 'ரிவோல்ட்'. மறு ஆண்டு டிசம்பரில் மலாயாவுக்குக் கப்பலேறி வந்து, எங்கள் ஈப்போவில் நடந்த தமிழர் சீர்திருத்த மாநாட்டில் பேசினார். 1933இல் குடி அரசு நின்றபோது அவர் தொடங்கிய தமிழ் வாரப் பத்திரிகைக்குப் பெயர் 'புரட்சி'. ஒரே மனிதர், ஐந்து வருட இடைவெளியில், ஆங்கிலத்தில் ரிவோல்ட் என்றும் தமிழில் புரட்சி என்றும் வைக்கிறார். மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். என் 'ரிவோல்ட்' அட்டையில் முதல் வரியே அதுதான். ஆனாலும் நான் அதைப் பயன்படுத்தத் தயங்குவேன். புரட்சி அதற்குப் பிறகு பட்டமாகிவிட்டது. கவிஞர், தலைவர், தலைவி, நடிகர் என்று ஆளுக்கொன்றாகச் சூட்டிச் சூட்டி, இப்போது காதில் விழுந்தால் சுவரொட்டிப் பசையின் வாசம்தான் வருகிறது.

கிளர்ச்சி பத்திரிகைக்காரர்களின் சொல். யார் பக்கமும் சாயாமல் செய்தி வாசிக்க வசதியானது. மருத்துவக் குறிப்பில் அதே சொல் வேறு வேலை செய்யும் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் மொழிபெயர்க்க நேர்ந்தால் கவனமாக இருக்க வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன், விவரம் வேண்டாம்.

மலாயில் 'பெம்பெரொந்தாக்கான்' என்று நீளமாக ஒன்று உண்டு. அதைவிடப் பழையது 'டெர்ஹாகா'. ராஜாவை எதிர்ப்பது. அது வேறொன்றுமில்லை, நம் துரோகம்தான், சமஸ்கிருத வழியாக இங்கே வந்து மலாய் உடுத்திக்கொண்டது. ஈப்போவில் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச்சின் நினைவாக 1909இல் கட்டியது. அவர் 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில் ஆற்றோரம் கொல்லப்பட்டார். அதற்காக 1877 ஜனவரியில் மகாராஜா லேலாவும் டத்தோ சாகோரும் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த மணிக்கூண்டை ஒட்டிய தெருவுக்கு இன்றைக்கு என்ன பெயர் தெரியுமா? டத்தோ சாகோர் தெரு. செத்தவர் பெயரில் கடிகாரம், சாகடித்த குற்றத்துக்குத் தூக்கில் தொங்கியவர் பெயரில் தெரு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்களை நான் முதலில் கூட்டிப்போவது அங்கேதான். பர்ச் கொலையை எழுதச் சொன்னால் எந்தச் சொல்லைப் போடுவாய் என்று கேட்பேன். கெட்டிக்காரி உடனே பதில் சொல்ல மாட்டாள். யாருக்காக எழுதுவது என்று திருப்பிக் கேட்பாள்.

சில சமயம் ஆட்சியில் இருப்பவர்கள் சொல்லைத் தேடுவதே இல்லை, சொல் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஈப்போவிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16 காலை அங்கே எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு 1960 வரை பன்னிரண்டு வருடம் காட்டில் நடந்ததற்கு அரசாங்கம் வைத்த பெயர் எமெர்ஜென்சி. அவசரம், பன்னிரண்டு வருடத்து அவசரம்! யுத்தம் என்று சொல்லியிருந்தால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் இன்சூரன்ஸ் பணம் வந்திருக்காது என்று பரவலாகச் சொல்வார்கள். காட்டில் இருந்தவர்களோ அதை விடுதலைப் போர் என்றார்கள். அவர்களை அரசாங்கம் முதலில் கொள்ளைக்காரர்கள் என்றது, 1952இல் அதை மாற்றிக் கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகள் என்றது. தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எந்தச் சொல்லைப் போடுவது என்பதை இன்றும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்துக்கொள்கிறார்கள். எங்கள் குனோங் ராபாட்டிலும் அந்தக் காலத்தில் காட்டோரத்துச் சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து முள்வேலிக்குள் குடிவைத்தார்கள். இன்று அந்த வேலி இல்லை, கம்போங் பாரு என்ற பெயர் மட்டும் இருக்கிறது. எங்கள் ஆயாவுக்கு எமெர்ஜென்சியும் தெரியாது, விடுதலைப் போரும் தெரியாது. "கம்னிஸ் காலம்" என்பாள். சப்பான்காரன் காலம், கம்னிஸ் காலம், சுதந்திரம் வந்த காலம். மழைக்காலம், வெயில்காலம் மாதிரி.

ஆயாதான் என்னை இந்த வேலைக்குத் தள்ளியவள் என்று சொல்ல வேண்டும், அவளுக்கே தெரியாமல். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அவளுடைய தகரப் பெட்டியில் ஒரு சீட்டுக் கிடைத்தது. சப்பான்காரன் வருவதற்கு முந்தி, தாத்தாவைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றியபோது கிராணி எழுதித் துரை கையெழுத்துப் போட்டது. ஆங்கிலத்தில் ஒரே வரி. அதில் ஒரு நீளமான சொல்: இன்சப்ஆர்டினேஷன். அப்பாவுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து அகராதியைப் பார்த்து, கீழ்ப்படியாமை என்று படித்துச் சொன்னேன். ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே, "அதெல்லாம் இல்ல. ஒங்க தாத்தா சைக்கிள விட்டு எறங்கல. அதான்," என்றாள்.

அந்த நாளில் துரை எதிரே வந்தால் சைக்கிளில் போகிற தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும். தாத்தா ஒருநாள் இறங்கவில்லை. கூட்டம் சேர்க்கவில்லை, கொடி பிடிக்கவில்லை, கை ஓங்கவில்லை. மிதித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிடவில்லை. லயத்தில் அதற்கு ஒரு சொல் உண்டு, 'எகிறிட்டாரு'. அகராதியில் இந்தப் பொருளில் அது இருக்காது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படிக்கும்போது தொழிலாளர்கள் கொடுத்த கோரிக்கைப் பட்டியல் கண்ணில் பட்டது. சம்பளத்தைக் கூட்டு, கள்ளுக்கடையை மூடு, இவற்றோடு அதுவும் இருந்தது: துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே. கை நடுங்கிவிட்டது. மே மாதம் தலைவர் ஆர்.எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு ஏற்றினார்கள். பட்டாளம் வந்தது, சிலாங்கூரில் அவசர நிலை பிறப்பித்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தச் சம்பவத்தை ஸ்ட்ரைக் என்கிறார்கள், கலவரம் என்கிறார்கள், போராட்டம் என்கிறார்கள். எந்தச் சொல்லைப் போட்டாலும் எனக்கு அதற்கடியில் ஒரு சைக்கிள் தெரியும். அன்றிலிருந்து ஒரு பழக்கம். இந்தக் குடும்பத்துச் சொல் எது வந்தாலும் அகராதியைத் திறக்குமுன், அந்த ஆள் அன்றைக்கு உண்மையில் என்ன செய்தான் என்று ஒரு வரி தமிழில் எழுதிப் பார்ப்பேன். இறங்கவில்லை. திரும்பிப் பேசினான். கதவைச் சாத்தினான். அந்த வரியோடு ஒட்டாத சொல்லை எடுப்பதில்லை. நேரம் பிடிக்கும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி தருகிறவர்களுக்கு இது பிடிக்காது.

கடைசியாக ஒரு அட்டை. ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு, கம்போடியாவிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் வழக்கு. கெமர் மொழிக்கு ஜூருபாசா வேண்டுமென்று வெளியூரிலிருந்து ஓர் அம்மாவை வரவழைத்திருந்தார்கள். அவர் சாம் இனத்தவர். கம்போடிய முஸ்லிம், சிறு வயதில் அகதியாக மலேசியா வந்தவர். வழக்குத் தள்ளிப்போனது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மலாயில் பேசிக்கொண்டிருந்தோம். அவர் கைப்பையில் தேய்ந்த ஆங்கில - கெமர் அகராதி ஒன்று. தொழில் புத்தி விடுமா? ரெபெல்லியனுக்கு உங்களில் என்ன என்று கேட்டேன்.

இரண்டு சொன்னார். ஒன்று 'பஹ் போர்', திமிறி எழுவது. இன்னொன்று 'க்போட்'. ராஜாவை எதிர்த்தால் பழைய நாளில் அதைச் சொல்வார்கள், நம்பினவரைக் கைவிட்டாலும் அதுதான் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கபடம்! நம் கபடம் என்ற சொல்லே கெமருக்குப் போய் இப்படி ஆகியிருக்கிறது. தாய்லாந்துக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்துத் தோற்றால்தான் அந்தப் பெயர், ஜெயித்துவிட்டால் வேறு மரியாதையான பெயர். மலாயில் துரோகம், கெமரில் கபடம். எதிர்த்து நிற்பதற்குச் சொல் கேட்டால் ராஜாக்கள் எல்லா ஊரிலும் நம் பழைய பெட்டியிலிருந்து ஒரே மாதிரி சாமானைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. ஸ்வாய் க்ளேங் தெரியுமா என்று கேட்டார். மேகோங் ஆற்றங்கரையில் சாம் மக்களின் ஊர். 1975இல் கெமர் ரூஜ் ஆட்கள் தொழுகையை நிறுத்தச் சொன்னார்கள், குர்ஆன்களைப் பிடுங்கினார்கள், ஆட்களைக் கூட்டிப்போனார்கள், போனவர்கள் திரும்பவில்லை. அந்த வருடமே பக்கத்துக் கோ ஃபால் தீவும் ஸ்வாய் க்ளேங்கும் அரிவாளும் வாளுமாக எழுந்தன. எதிரே துப்பாக்கி. சில நாள்தான். மிச்சமிருந்தவர்களை ஊர் ஊராகச் சிதறடித்தார்கள். 2018 நவம்பரில் புனோம் பென் தீர்ப்பாயம் கெமர் ரூஜ் தலைவர் நுவான் சியாவைச் சாம் இன அழிப்புக் குற்றவாளி என்று சொன்னது, நாங்கள் அந்தப் பெஞ்சில் பேசியதற்குப் பல வருடம் கழித்து. 

ஆண்டவர்கள் தங்களைத்தான் 'பதேவாட்' என்று சொல்லிக்கொண்டார்கள், அதாவது புரட்சி, என்றார் அவர். அதுவும் திரும்பிச் சுழல்வது என்ற பழைய வேரிலிருந்து வந்ததுதான். புரட்சியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அதை எதிர்ப்பவனுக்கு என்ன பெயர் மிச்சம்? க்போட்தான். அவருடைய தாயார் கடைசிவரை பதேவாட் என்ற சொல்லை வீட்டுக்குள் யாரையும் உச்சரிக்க விட்டதில்லையாம்.

அப்படியானால் ஸ்வாய் க்ளேங்கில் நடந்ததற்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்து நீட்டினேன். பேனாவை வாங்கி, வளைவு வளைவாகக் கெமர் எழுத்தில் ஒரு வரி எழுதினார். சொல்லா, வாக்கியமா என்று எனக்குத் தெரியவில்லை. வாசித்துக் காட்டச் சொல்வதற்குள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். போகிற போக்கில் மலாயில் மட்டும் அர்த்தத்தைச் சொல்லிவிட்டுப் போனார்: 'அன்றைக்கும் பாங்கு சொன்னார்கள்.'

எந்த எழுத்தின் கீழ் அடுக்குவது என்று தெரியாமல் அந்த அட்டை வெகுநாள் மேசையிலேயே கிடந்தது. ரகரத்தில் வைத்துப் பார்த்தேன், பகரத்தில் வைத்துப் பார்த்தேன். இப்போதைக்கு சகர வரிசையில், சைக்கிள் அட்டைக்குப் பின்னால் இருக்கிறது.